பெங்களூர்ல ஒரே ஒரு ராத்திரி தங்கணுமா, ரூம் போடறதுக்கு முன்னாடி மணிக்கணக்கு போடுங்க

நான் அல்சூர்ல இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வீடு ஒரு பெட்ரூம் ஒரு ஹால், அந்த ஹால்லயேதான் பிரிட்ஜ், பீரோ, பையன் படிக்கிற டேபிள் எல்லாம். அதனால ஊர்லேருந்து யாராவது இன்டர்வியூக்கோ கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்தா "நம்ம வீட்லயே தங்கிக்கோங்க"ன்னு வாய் நிறைய சொல்ல முடியறதில்ல, அதுக்கு பதிலா ரூம் பார்த்து குடுக்கற வேலை என் தலைல விழுந்துடுச்சு. போன் எடுத்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, "தம்பி, ஒரே ஒரு ராத்திரிதாம்ப்பா, சென்டரா இருக்கணும், ரொம்ப செலவாகக் கூடாது". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எனக்கு தெரிஞ்சத மொத்தமா இங்க கொட்டிடறேன்.

ரூம் வாடகை என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து, எத்தனை மணிக்கு பெங்களூர்ல கால் வைக்கிறீங்க, வேலை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு திரும்ப வண்டி ஏறணும்னு எழுதுங்க. சிரிக்காதீங்க, பாதி காசு போறது இங்கதான். சென்னைலேருந்து பெங்களூர் மெயில்ல வர்றவங்க விடியறதுக்கு முன்னாடியே சிட்டி ஸ்டேஷன்ல எறங்கி நிப்பாங்க. ஆப்ல போட்ட ஹோட்டல்ல செக்இன் மதியம் 12 மணி, சில இடத்துல 2 மணி. அஞ்சு மணிக்கு போய் கதவ தட்டினா சோபால தூங்கிட்டிருக்கற ரிசப்ஷன் பையன் கண்ண கசக்கிட்டே "இப்பவே வேணும்னா ஒரு நாள் எக்ஸ்ட்ரா சார்"னு சொல்லுவான், அவன் மேல தப்பும் இல்ல, அவன் கணக்குல நீங்க நேத்து ராத்திரிக்கும் சேத்து எடுத்திருக்கணும். 1,400 ரூபாய்னு நெனச்சு வந்தவரு 2,800 கட்டுவாரு, இல்லன்னா ரிசப்ஷன் சோபால பெட்டிய கட்டிப்பிடிச்சுட்டு மதியம் வரைக்கும் உக்காந்திருப்பாரு.

இதுக்கு பழைய காலத்து மருந்து ஒண்ணு இருக்கு, 24 மணி நேர செக்அவுட். சிட்டி ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற மெஜஸ்டிக், காந்திநகர் பக்கம் பழைய லாட்ஜ் நெறைய இந்த கணக்குலதான் ஓடுது, நீங்க சாவி வாங்குன நிமிஷத்துலேருந்து 24 மணி நேரம். காலைல 5 மணிக்கு உள்ள போனா மறுநாள் காலைல 5 மணி வரைக்கும் ரூம் உங்களுது. ராத்திரி வண்டில வந்து, தூங்கி, குளிச்சு, பகல்ல வேலைய முடிச்சுட்டு ராத்திரியும் தங்கி, மறுநாள் காலைல சென்னைக்கு லால்பாக் எக்ஸ்பிரஸ புடிக்கற ஆளுக்கு இத விட லாபமான ஏற்பாடு கெடையாது. ஆனா ஒண்ணு கவனிங்க, அதே லாட்ஜ ஆப் வழியா போட்டா சில இடத்துல 12 மணி கணக்குக்கு மாத்திடுவாங்க, ஆப்ல நூறு ரூபாய் கம்மியா காட்டுதேன்னு போட்டுட்டு அரை நாளை விட்டுடாதீங்க.

இன்னும் ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, நெஜமாவே உங்களுக்கு ராத்திரி வேணுமா? காலைல 4.30க்கு வந்து, 10 மணிக்கு இன்டர்வியூ போயிட்டு, அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிடுவீங்கன்னா உங்களுக்கு வேண்டியது மூணு மணி நேர தூக்கமும் ஒரு பக்கெட் சுடுதண்ணியும்தான். அதுக்கு ஸ்டேஷன்லயே ரிட்டயரிங் ரூம் இருக்கு. ஐஆர்சிடிசில ரிட்டயரிங் ரூமுக்குன்னு தனி பக்கம் இருக்கு, உங்க டிக்கெட்டோட பிஎன்ஆர் நம்பர் போட்டா நீங்க ஏறற ஸ்டேஷன்லயோ எறங்கற ஸ்டேஷன்லயோ ரூம் காலியா இருந்தா காட்டும், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருக்கணும், ஆர்ஏசியா இருந்தாலும் பரவால்ல, வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு கெடையாது. அதிகபட்சம் 48 மணி நேரம் குடுப்பாங்க. வெளில இருக்கற லாட்ஜ விட விலை பெரும்பாலும் கம்மி, ஆனா காலியா கெடைக்கறதுதான் குதிரைக்கொம்பு, டிக்கெட் போட்ட கையோட பாத்துடுங்க. பஸ்ல வர்றவங்களுக்கு இது கெடையாது, அது ஒரு வருத்தம்.

இப்ப சென்டர் விஷயத்துக்கு வருவோம். என் வீட்டம்மாவோட தம்பி, அதாவது என் மச்சான், திருச்சிலேருந்து ஒரு தடவை வந்தான். படிச்ச பையன், "மாமா நீங்க கஷ்டப்படாதீங்க, நானே போட்டுக்கறேன்"னு ஆப்ல கெம்பேகவுடான்னு அடிச்சு, "கெம்பேகவுடாவுலேருந்து 3 கிலோமீட்டர்"னு வந்த ரூம போட்டுட்டான், விலையும் நல்ல விலை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி எனக்கு போன் பண்றான், "மாமா மேப்ல 30 கிலோமீட்டருக்கு மேல காட்டுது, மேப் கெட்டுப்போச்சு போல". மேப் கெடல. 1537ல இந்த ஊர கட்டுனவரு கெம்பேகவுடா, அதனால மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பேரு, அதுக்கு பக்கத்துல மெட்ரோ ஜங்ஷனுக்கும் அவர் பேரு, தேவனஹள்ளில இருக்கற ஏர்போர்ட்டுக்கும் அவர் பேருதான். அவன் ரூம் போட்டது ஏர்போர்ட் பக்கத்துல. கேன்சல் பண்ணா காசு வராதுன்னுட்டாங்க, அன்னிக்கு ராத்திரி எங்க ஹால்ல பிரிட்ஜுக்கும் டேபிளுக்கும் நடுவுல பாய் போட்டு படுத்தான்.

இதே மாதிரி இன்னொரு கண்ணி விஸ்வேஸ்வரய்யா. சென்ட்ரல் காலேஜ் பக்கத்துல இருக்கற மெட்ரோ ஸ்டேஷனுக்கும் சர் எம் விஸ்வேஸ்வரய்யா பேரு, பையப்பனஹள்ளில 2022ல தொறந்த புது ரயில்வே டெர்மினலுக்கும் அவர் பேரு. முதல்ல சொன்னது மெஜஸ்டிக்குக்கு அடுத்த ஸ்டாப், ரெண்டாவது ஊரோட இன்னொரு கோடி. இப்ப நெறைய வண்டி சிட்டி ஸ்டேஷனுக்கு வராம அந்த புது டெர்மினலோடயே நின்னுடுது, டிக்கெட்ல எஸ்எம்விடின்னு (புது டெர்மினல்) போட்டிருக்கா கேஎஸ்ஆர்னு (சிட்டி ஸ்டேஷன்) போட்டிருக்கான்னு பாத்துட்டுதான் ரூம் தேடணும். அங்க எறங்கறவங்க பையப்பனஹள்ளி மெட்ரோ பக்கத்துலயே இருக்குன்னு நம்பி பெட்டிய உருட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுடாதீங்க, ஆட்டோ வேணும்.

அப்ப எதுதான் சென்டர்? ஊருக்கு நடுவுன்னு பாத்தா மெஜஸ்டிக்தான். மெட்ரோவோட பர்ப்பிள் லைனும் க்ரீன் லைனும் அங்கதான் சந்திக்குது, ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிர்ல. மெஜஸ்டிக்ங்கறது அங்க இருந்த ஒரு சினிமா கொட்டகை பேரு, பஸ் ஸ்டாண்ட் நிக்கற எடம் ஒரு காலத்துல தர்மாம்புதி ஏரி, இப்ப ஏரியும் இல்ல கொட்டகையும் இல்ல, பேரு மட்டும் ஒட்டிட்டிருக்கு. ஸ்டேஷன் பக்கம் குப்பி தோட்டதப்பா பேர்ல நூறு வருஷத்துக்கு மேல பழசான சத்திரம் இருக்கு, காந்திநகருக்குள்ள போற ரோட்டோட பேரே சுபேதார் சத்திரம் ரோடு, ஆக வழிப்போக்கன் தங்கற எடம்னு அன்னிக்கே முடிவாகிப்போன ஏரியா இது. சுபேதார் சத்திரம் ரோட்லயும் அதுலேருந்து பிரியற குறுக்குத் தெருக்கள்லயும் லாட்ஜுக்கு பஞ்சமே இல்ல. நான் பாத்த வரைக்கும் ஏசி இல்லாத சிங்கிள் ரூம் 700லேருந்து 1,200க்குள்ள, கொஞ்சம் சுத்தபத்தமான ஏசி டபுள் 1,500லேருந்து 2,500க்குள்ள கெடைக்கும், சீசன பொறுத்து முன்ன பின்ன ஆகும்.

மெஜஸ்டிக்ல ஒரு குறை, சத்தம். மெயின் ரோட்ட பாத்த ரூம் எடுத்தீங்கன்னா ராத்திரி ஒரு மணிக்கும் பஸ் ஹாரன் காதுக்குள்ளயே அடிக்கும். பின்பக்கம் ரூம் கேளுங்க, அதுக்கு ஜன்னல் தொறந்தா எதிர் செவுருதான் தெரியும், ஒரு ராத்திரிக்கு வ்யூ எதுக்குங்க. இன்னொரு குறை, தெருவுக்கு தெரு ஆள் மாறும், ஒரு தெரு குடும்பத்தோட தங்கலாம் போல இருக்கும், பக்கத்து தெருவுல ராத்திரி எட்டு மணிக்கு மேல நடக்கவே யோசனையா இருக்கும். கூட வயசானவங்களோ பொம்பளப் பிள்ளைங்களோ இருந்தா பகல்ல வந்து பாத்து எடுங்க, இல்லன்னா தெரிஞ்சவங்கள விட்டு பாக்க சொல்லுங்க.

சிக்பேட், காட்டன்பேட், சிட்டி மார்க்கெட் பக்கம் இத விட கம்மிக்கும் கெடைக்கும், ஆனா அது ஜவுளி வாங்க வர்ற வியாபாரிங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு அந்த நெரிசல்ல பெட்டிய தூக்கிட்டு நடக்கறதே ஒரு வேலை. கன்னட சைத்ர மாச பௌர்ணமில (பெரும்பாலும் ஏப்ரல்ல வரும்) கரகத் திருவிழா நடக்கற ராத்திரி மட்டும் அந்த பக்கம் ரூம் போடாதீங்க, விடிய விடிய ஊரே ரோட்ல நிக்கும். கரகம் பாக்கத்தான் வர்றேன்னா அது வேற கதை, அப்ப அங்கயே போடுங்க.

எங்க பக்கம், அதாவது எம்ஜி ரோடு, டிரினிட்டி, அல்சூர் வரிசை, விலை கொஞ்சம் ஏறும். எம்ஜி ரோட்ல நாலு பேர் மதிக்கற மாதிரி ரூம்னா மூவாயிரத்துக்கு மேல வெச்சுக்கோங்க. ஆனா அல்சூர் உள் தெருவுல சின்ன சின்ன ஹோட்டல் இருக்கு, மெட்ரோல எம்ஜி ரோட்டுக்கு ரெண்டே ஸ்டாப், கால் மணி நேரத்துல மெஜஸ்டிக். சோமேஸ்வரர் கோயில், ஏரிக்கரைல தமிழ்ச் சங்கம், 2009ல தொறந்த வள்ளுவர் சிலை, காலைல தமிழ் பேப்பர் விக்கற பெட்டிக்கடைன்னு அம்மா அப்பாவ கூட்டிட்டு வர்றவங்களுக்கு அந்நிய ஊர் மாதிரியே தோணாது. நான் இங்கயே இருக்கறதால தூக்கி வெச்சு பேசறேன்னு நெனச்சுக்காதீங்க, கொஞ்சம் அப்படித்தான். ஆபீஸ் ஆளுங்க வந்து தங்கற ஹோட்டல் எல்லாம் செவ்வாய் புதன் வியாழன்ல ஏறும், சனி ஞாயிறுல எறங்கும், அதனால வார கடைசில வர்றவங்க எம்ஜி ரோடு பக்கமும் ஒரு தடவை வெல பாருங்க. ஒத்தப்பட வருஷம் பிப்ரவரில எலஹங்கால ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போதும், சின்னசாமி ஸ்டேடியத்துல பெரிய மேட்ச் இருக்கும்போதும் இந்த கணக்கு எதுவும் செல்லாது, அப்ப முன்கூட்டியே போடணும்.

சிவாஜிநகர், கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் நடுத்தர விலை, சென்னை வண்டி பலதும் கன்டோன்மென்ட்ல நிக்கும், சிட்டி வரைக்கும் போகாம அங்கயே எறங்கிடலாம். அரசு பஸ்ல ஓசூர் ரோடு வழியா வந்து சாந்திநகர்ல எறங்கறவங்க டபுள் ரோடு, வில்சன் கார்டன் பக்கம் பாத்தா மறுநாள் திரும்ப பஸ் ஏறவும் அதுதான் வசதி.

ஆனா வேலை ஒயிட்ஃபீல்டுல இருந்தா நடு ஊர்ல ரூம் போட்டு என்ன பண்றது? சென்டர் சென்டர்னு மெஜஸ்டிக்ல படுத்துட்டு காலைல ஒன்பது மணிக்கு ஐடி கம்பெனி வாசல்ல நிக்கணும்னா அல்லாடணும். உங்களுக்கு சென்டர்ங்கறது மறுநாள் காலைல நீங்க போக வேண்டிய எடத்துக்கு மெட்ரோ மாறாம போற எடம். ஒயிட்ஃபீல்டுக்கு பர்ப்பிள் லைன் போகுது, அப்ப சென்னை வண்டிலேருந்து கேஆர் புரத்துலயே எறங்கிக்கோங்க, ஸ்டேஷனுக்கு பக்கத்துலயே மெட்ரோ. எலக்ட்ரானிக் சிட்டில வேலைன்னா 2025 ஆகஸ்ட்லேருந்து எல்லோ லைன் ஓடுது, ஆர்வி ரோட்ல க்ரீன் லைனோட சேருது, ஜெயநகர் பக்கம் தங்கினா போதும். ஓசூர் ரோட்ல வர்ற பஸ்லேருந்து சில்க் போர்டு ஜங்ஷன்ல எறங்கிட்டு மெஜஸ்டிக்குக்கு ஆட்டோகாரர்கிட்ட மல்லுக்கட்டின காலம் போச்சு, சில்க் போர்டுலயே மெட்ரோ ஏறலாம்.

ஆட்டோ பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா 300 ரூபாய் கம்மியா இருக்குன்னு தள்ளி ரூம் போட்டுட்டு 400 ரூபாய ஆட்டோவுல விட்டவங்க எங்க குடும்பத்துலயே நாலு பேர் இருக்காங்க. 2025 ஆகஸ்ட்லேருந்து மீட்டர் ரேட் முதல் ரெண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18, ராத்திரி 10லேருந்து காலைல 5 வரைக்கும் ஒன்றரை மடங்கு. மீட்டர் போடுவாங்களான்னு கேக்காதீங்க, அது உங்க ஜாதகத்த பொறுத்தது, ஆப்ல புக் பண்ணிக்கோங்க, இல்ல ப்ரீபெய்ட் கவுன்டர் பாருங்க. நாலரைக்கு எறங்குனீங்கன்னா அவசரப்படாதீங்க, பிளாட்பாரத்துல ஒரு காபி குடிச்சுட்டு அஞ்சு மணியாக விடுங்க, ராத்திரி ரேட்டும் முடிஞ்சுடும், மெட்ரோவும் ஓட ஆரம்பிச்சுடும். ஞாயித்துக்கிழமை மட்டும் மெட்ரோ ஏழு மணிக்குதான். ஸ்டேஷன விட்டு வெளில வந்ததும் "ரூம் வேணுமா சார், நல்ல ரூம் சார், பாத்தா போதும் சார்"னு பின்னாடியே ஒருத்தர் தமிழ்லயே பேசிட்டு வருவாரு. பாவம் அவர் பொழப்பு அது, ஆனா அவரோட போனா அவர் கமிஷனும் உங்க வாடகைல ஏறும். தலைய ஆட்டிட்டு நேரா நடங்க.

ஏரியா முடிவாயிடுச்சா, இப்ப ஆப்ப தொறந்து அந்த பக்கம் இருக்கற எடங்கள பாருங்க, போட்டோவ நம்பாதீங்க, போட்டோல எல்லா ரூமும் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். கடைசி மூணு மாசத்துல வந்தவங்க எழுதினத மட்டும் படிங்க, அதுலயும் "தண்ணி", "மூட்டப்பூச்சி", "ரூம் இல்லன்னுட்டாங்க"ங்கற மூணு வார்த்தை வருதான்னு தேடுங்க. மூணாவது முக்கியம், புக்கிங் காட்டினாலும் "அந்த ஆப்போட எங்களுக்கு இப்ப சம்பந்தம் இல்ல"ன்னு கைய விரிக்கற எடங்கள் உண்டு, எனக்கே ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தடவை ஆச்சு, நான் உள்ளூர்காரன்ங்கறதால தப்பிச்சேன். அதனால ரெண்டு மூணு எடத்த பொறுக்கி வெச்சுட்டு நேரா போன் பண்ணிடுங்க.

போன்ல முதல் ரெண்டு வார்த்தைய கன்னடத்துல ஆரம்பிங்க, அவங்களே தமிழுக்கு வந்துடுவாங்க, ஆனா அந்த ரெண்டு வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கு. "நமஸ்காரா, ரூம் இத்யா? ஒந்து ராத்ரிகே எஷ்டு?" அவ்ளோதான். "ஸ்வல்ப கம்மி மாடி"ன்னா கொஞ்சம் கொறைங்கன்னு அர்த்தம், வாரநாள்ல நூறு இருநூறு கொறைப்பாங்க. அப்புறம் 24 மணி நேரமா 12 மணி செக்அவுட்டான்னு கேளுங்க. சொன்ன ரேட் ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னு கேளுங்க. கடைசியா "பிஸி நீரு யாவாக பருத்தே?" பிஸின்னா சூடு, சுடுதண்ணி எப்ப வரும்னு கேக்கறீங்க. நெறைய லாட்ஜ்ல காலைல ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும்தான் சுடுதண்ணி, அஞ்சு மணிக்கு கெளம்பறவனுக்கு பச்சத்தண்ணிதான். மெட்ராஸ்காரங்க என்ன பெரிய விஷயம்னு நெனப்பீங்க, டிசம்பர்ல பெங்களூர் பச்சத்தண்ணிய தலைல ஊத்திப் பாத்துட்டு வந்து பேசுங்க.

இன்னொண்ணு, மெஜஸ்டிக்ல எறங்கி "ஹோட்டல் எங்க இருக்கு"ன்னு யார்கிட்டயும் கேக்காதீங்க, இட்லி வடை சாப்பிடற எடத்த காட்டுவாங்க. லாட்ஜ்னு கேளுங்க. போர்டுல வசதி கிருஹன்னு கன்னடத்துல எழுதியிருந்தா அதுவும் அதுதான். கீழ பார், மேல ரூம்னு இருக்கற எடம் தனியாளுக்கு பரவால்ல, குடும்பத்துக்கு வேணாம்.

அட்வான்ஸ் கேட்டா யோசிங்க. மேப்ல இருக்கற நம்பர யார் வேணா மாத்தி வெக்க முடியுது, அந்த நம்பருக்கு போன் பண்ணி யுபிஐல காசு அனுப்பிட்டு நேர்ல வந்தா லாட்ஜ்காரர் "எங்க நம்பரே இல்லையே இது"ன்னுடுவாரு. வந்து பாத்துட்டு கட்டறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கலன்னா அடுத்த எடம். சின்ன லாட்ஜ்ல பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

நேர்ல போனதும் சாவி வாங்கி மேல போய் ரூம பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க, இதுல வெக்கமே வேணாம், "ரூம் நோட்பஹுதா"ன்னு கேட்டா அவங்களே ஆள் அனுப்புவாங்க. உள்ள போனதும் மூக்கு சொல்லிடும், புழுங்கின வாடை அடிச்சா வேற ரூம் கேளுங்க. குழாய தொறந்து தண்ணி வருதான்னு பாருங்க, 2024 கோடைல இந்த ஊர் தண்ணிக்கு பட்ட பாடு தெரியும்ல, அதுலேருந்து நான் முதல்ல தொடறது குழாயத்தான். பெட்ஷீட்ட ஓரத்துல தூக்கி மெத்தையோட தையல்ல பாருங்க, கருப்பு புள்ளி புள்ளியா இருந்தா மூட்டப்பூச்சி. தாழ்ப்பாள் உள்பக்கம் சரியா விழுதா, ஜன்னல் கொக்கி போடுதா, மாடிப்படி வழில சாமான் அடுக்கி வெக்காம இருக்கா. அஞ்சு நிமிஷ வேலை, பிடிக்கலன்னா சாவிய குடுத்துட்டு வந்துடலாம், காந்திநகர்ல பத்தடில அடுத்த லாட்ஜ் இருக்கு.

ஐடி, அதாவது அடையாள அட்டை விஷயத்துல ரெண்டு மூணு சிக்கல் உண்டு. தங்கற பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் ஐடி வேணும், ஒருத்தர் ஐடிய வெச்சு மூணு பேர் போக முடியாது. பான் கார்டுல அட்ரஸ் இல்லாததால ஒத்துக்க மாட்டாங்க, ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஓட்டர் கார்டு எதாவது எடுத்துட்டு வாங்க. ஆதார் ஜெராக்ஸ் குடுக்க தயக்கமா இருந்தா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம். அப்புறம் இந்த லோக்கல் ஐடி பஞ்சாயத்து, பெங்களூர் அட்ரஸ் இருக்கற ஐடிக்கு ரூம் தர மாட்டோம்னு சில லாட்ஜ்ல ஒரு ரூல் வெச்சிருக்காங்க. எங்க வீட்ல பெயின்ட் அடிச்சப்ப ஒரு ராத்திரி தங்கலாம்னு பொண்டாட்டி புள்ளையோட போய் நின்னேன், அல்சூர் அட்ரஸ பாத்துட்டு "லோக்கல் ஆகாது சார்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஊருக்கெல்லாம் ரூம் பாத்து குடுக்கற எனக்கு எங்க ஊர்லயே ரூம் இல்ல! இங்க வேலை பாக்கற பசங்க ஆதார்ல அட்ரஸ் மாத்தியிருந்தா போன்லயே கேட்டுடுங்க.

கல்யாணம் ஆகாத ஜோடி ரூம் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் கெடையாது, 2019ல கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணுல சென்னை ஹைகோர்ட்டே அது குத்தம் இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா லாட்ஜ்காரர் தன் இஷ்டத்துக்கு ரூல் வெச்சிருப்பாரு, ராத்திரி பத்து மணிக்கு கவுன்டர்ல நின்னு சட்டம் பேசறத விட முன்னாடியே கேட்டுக்கறது நிம்மதி. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைலேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு ரூம் பாத்தா வெளிநாட்டு பாஸ்போர்ட்னு முதல்லயே சொல்லணும், அவங்க விவரத்த 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும்னு இருக்கறதால சின்ன லாட்ஜ் பலதும் வேணாம்னுடும்.

பில்லு கணக்கு இப்ப சுலபம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் இருக்கற ரூமுக்கு 2025 செப்டம்பர் 22லேருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதுக்கு முன்னாடி 12 இருந்துச்சு. 1,500 ரூபாய் ரூம்னா 75 ரூபாய் வரி, 1,575 கட்டணும். யாராவது இன்னும் 12ன்னு போட்டா பில்ல கேளுங்க, பில்லுன்னதும் கணக்கு தானா சரியாகும். ஆபீஸ்ல காசு திரும்ப வாங்கறவங்க, கம்பெனி பேர்ல பில்லு வேணும்னு ரூம் எடுக்கும்போதே சொல்லிடுங்க, காலைல அஞ்சரைக்கு அந்த தூக்கக்கலக்க பையன்கிட்ட கேட்டா துண்டு சீட்டுதான் கெடைக்கும்.

தனியா வர்ற பசங்களுக்கு ஹாஸ்டல் ஒரு வழி, இந்திராநகர், கோரமங்கலா பக்கம் டார்மிட்டரில ஒரு பெட் ஐநூறு அறுநூறுலேருந்து கெடைக்கும், லாக்கர் இருக்கும், பூட்டு நீங்க கொண்டு போங்க. மறுநாள் இன்டர்வியூ இருந்தா மட்டும் வேணாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் கிட்டார எடுப்பான். அதுக்கு நிருபதுங்கா ரோட்ல இருக்கற ஒய்எம்சிஏல ரூம் இருக்கான்னு கேட்டுப் பாக்கலாம், கப்பன் பார்க்குக்கு பக்கம்.

காலி பண்ணும்போது வண்டி ராத்திரிதான்னா பெட்டிய ரிசப்ஷன்லயே வெச்சுட்டு போறேன்னு கேளுங்க, பெரும்பாலும் சும்மாவே வெச்சுக்குவாங்க, லேப்டாப்பும் நகையும் மட்டும் கையோட எடுத்துட்டு போங்க. ஒத்துக்கலன்னா ஸ்டேஷன் க்ளோக் ரூம் இருக்கு, ரயில் டிக்கெட் காட்டணும், பெட்டிக்கு பூட்டு இல்லன்னா வாங்க மாட்டாங்க. காலைல ஆறு மணி சதாப்தி, அடுத்து கெளம்பற லால்பாக் புடிக்கறவங்க முந்தின ராத்திரியே கணக்க தீத்துட்டு அட்வான்ஸ் மீதிய வாங்கி வெச்சுக்கோங்க, விடியக்காலைல கல்லாப்பெட்டி சாவி ஓனர்கிட்ட இருக்கும், ஓனர் ராஜாஜிநகர்ல தூங்கிட்டிருப்பாரு.